பூனையின் மேனியில் பொறி பறந்த இரவு



நம் இல்லங்களில் பூனைக்கு ஓர் உரிமை உண்டு. விலை கொடுத்து வாங்கிய பூனையாயினும், மீன் கழுவும் ஓசை கேட்டு மதிலேறி வரும் ஊர்ப்பூனையாயினும், அது அடுப்படி வரை வந்து போவதை நாம் பெரிதாகக் கருதுவதில்லை. அத்தகைய உரிமையோடு எங்கள் வீட்டில் வளரும் ஒரு பூனை, சென்ற தை மாதத்தில் வீட்டை விட்டே அனுப்பப்பட இருந்தது. அதற்குக் காரணம் ஒரு சீப்பும் ஒரு போர்வையுமே. பூனைக்குச் சீப்பு வாருவதை எல்லாம் எழுத வேண்டுமா என்று சிலர் நகைக்கக்கூடும். எனினும் சற்றே பொறுமையோடு படித்துப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பூனைக்கு இது பயன்படலாம்.

எங்கள் ஊர் எடப்பாடி. தறிச் சத்தம் ஓய்ந்தால் இங்கே தூக்கம் வராது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து ஓய்ந்த பிறகு, மார்கழியில் பனி இறங்கும். தை பிறந்ததும் காற்று வறளத் தொடங்கிவிடும். விடியலில் பனி இருந்தாலும், வெயில் ஏறிய பின் உதடு வெடிக்கும்; குதிகால் பிளக்கும்; கொடியில் போட்ட துணி நொடியில் காய்ந்து மொடமொடக்கும். பனிக்காலம் என்றால் ஈரக்காலம் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். எங்கள் பக்கத்துச் சமவெளியில் அது பகலெல்லாம் வறட்சிக் காலமே.

எங்கள் பூனையின் பெயர் பஞ்சு. மருமகளின் தம்பி கோயம்புத்தூரிலிருந்து கூடையில் வைத்துக் கொண்டுவந்தது. பாரசீகக் கலப்பாகையால் உரோமம் நீளம். நாள்தோறும் வாரிவிடாவிட்டால் வயிற்றடியிலும் காதுக்குப் பின்னாலும் சிடுக்கு விழுந்துவிடும். அந்த வேலையை என் மாமியார் தம்முடையதாக எடுத்துக்கொண்டார். எண்பதைக் கடந்தவர், கண் பார்வை மங்கிவிட்டது. குர்ஆன் ஓத எழுத்துத் தெரியவில்லையே என்று ஏங்கி, மனனம் செய்த சூராக்களை மட்டும் திரும்பத் திரும்ப ஓதிக்கொண்டிருப்பார். இஷா தொழுது முடித்ததும் பஞ்சு அவர் மடியில் ஏறிக்கொள்ளும். அவர் ஓத, அது உறும, சீப்பு மெல்ல ஓடிக்கொண்டிருக்கும். வீட்டில் பேச்சுத் துணைக்கு எல்லோருக்கும் நேரமில்லாத இந்நாளில், அவருக்குக் கிடைத்த துணை அது ஒன்றுதான் என்பதை நான் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

சென்ற மார்கழியில் ரியாத்திலிருந்து வந்த என் மூத்த மகன், தன் பாட்டிக்கென்று ஒரு போர்வை கொண்டுவந்தான். வளைகுடாவில் உறவினர் உள்ளவர்களுக்கு அந்தப் போர்வையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. புலிப்படம் போட்டு, தொட்டால் வழவழவென்று, ஓர் ஆள் கனம் இருக்கும். செயற்கை இழையால் ஆனது. அதே பெட்டியில் பேத்தி கேட்டாள் என்று பூனைக்கு ஒரு பிளாஸ்டிக் தூரிகையும் வந்தது. மாமியும் புதுப் போர்வையைக் காலில் போர்த்திக்கொண்டு, புதுத் தூரிகையால் பஞ்சுவை வாரத் தொடங்கினார்.

மூன்றாம் நாளே பூனை முறுக்கிக்கொண்டது. வாரும்போதெல்லாம் உரோமம் எழும்பி நின்றது. சீப்பை எடுத்தாலே ஓடியது. மாமியோ, "ஏதோ சரட்டு சரட்டுன்னு கேக்குதும்மா, பூச்சி ஏதாச்சும் இருக்கா பாரு" என்று என்னிடம் கேட்டார். நான் பார்த்தேன், பூச்சி ஏதும் இல்லை. அத்துடன் விட்டுவிட்டேன். அதுதான் என் பிழை.

தை மாதத்தில் ஒரு நாள் இரவு மின்சாரம் போயிற்று. வீடு முழுவதும் இருட்டு. மாமியின் அறையிலிருந்து பேத்தி அலறினாள். ஓடிப் போய்ப் பார்த்தேன். மாமி கையை ஓட்ட ஓட்ட, பூனையின் முதுகில் நீல நிறத்தில் சின்னஞ்சிறு பொறிகள் பறந்தன. பார்வை மங்கிய அவருக்கு அது தெரியவில்லை. குழந்தை ஏன் அலறுகிறாள் என்று புரியாமல், பூனையைச் சமாதானப்படுத்த அதன் மூக்கை விரலால் தொட்டார். சடீரென்று ஓர் ஓசை. பூனை துள்ளி, அவர் முன்கையைப் பிறாண்டிவிட்டுப் பாய்ந்து மறைந்தது.

இரத்தம் வந்துவிட்டது. இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பூனை பிறாண்டினாலும் கடித்தாலும் மஞ்சளைத் தடவிவிட்டுப் படுத்துவிடாதீர்கள். ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும். வெறிநோய் நாயால் மட்டும் வருவதன்று. மாமிக்கு மறுநாள் காலையே ஊசி போட்டோம்.

ஊசியோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். செய்தி தெருவில் பரவியது. "இருட்டில் நெருப்புக் கக்குகிற பூனையை வீட்டில் வைத்திருக்கலாமா? ஜின் ஏதாவது தீண்டியிருக்கும்" என்று ஒருவர் சொன்னார். ஓதிப் பார்க்கச் சொன்னார் இன்னொருவர். என் கணவர் இவற்றை எல்லாம் நம்புகிறவர் அல்லர். ஆயினும் வயதான தாயின் கையில் கட்டைப் பார்த்ததும், "எங்காவது கொண்டுபோய் விட்டுவிடலாம்" என்றார். பஞ்சுவோ நெல் மூட்டைகளுக்குப் பின்னால் நான்கு நாட்கள் ஒளிந்துகொண்டு, இரவில் மட்டும் வந்து உண்டது. மாமியின் அறைப் பக்கமே அது போகவில்லை. அவர் இஷாவுக்குப் பின் வெறும் மடியோடு உட்கார்ந்திருந்தார்.

"விட்டுவிடலாம்" என்ற சொல் என்னை வேறோர் இடத்திற்கு இழுத்துச் சென்றது. நான் பிறந்த வீடு பூலாம்பட்டியில் உள்ளது. காவிரிக்கரை. அக்கரையில் நெரிஞ்சிப்பேட்டை. எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் வீட்டுப் பூனை அரிசிக் குதிருக்குள் குட்டி போட்டுவிட்டது என்று, தாயையும் குட்டிகளையும் கோணிப்பையில் கட்டி, என்னையும் என் அண்ணனையும் பரிசலில் ஏற்றி அனுப்பினார்கள். அக்கரையில் பையை அவிழ்த்தோம். குட்டிகளை விட்டுவிட்டு அந்தத் தாய்ப்பூனை எங்கள் பின்னாலேயே துறை வரை வந்தது. பரிசல் நகர்ந்ததும் நீரின் விளிம்பில் நின்று கத்தியது. பிறகு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. இன்று அங்கே விசைப்படகு ஓடுகிறது. விடுமுறை நாட்களில் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். நான் மட்டும் அந்தப் படகில் அக்கரைக்குப் போவதில்லை.

பூனையைக் கட்டிவைத்து, தானும் உணவு கொடாமல், தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த ஒரு பெண் அதற்காக வேதனைக்கு ஆளானதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகி இருப்பதை நீங்கள் அறிவீர்கள். பூனைக்குட்டியோடு கொண்ட அன்பினாலேயே ஒரு நபித்தோழருக்கு அபூஹுரைரா (ரலி) என்ற பெயர் நிலைத்தது. அபூ கதாதா (ரலி) அவர்கள் தமக்கு ஒளுச் செய்ய வைத்திருந்த நீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்ததும், வியந்து நோக்கிய மருமகள் கப்ஷாவிடம், பூனை அசுத்தமானதன்று, நம்மைச் சுற்றி வருபவற்றுள் ஒன்று என்ற நபிமொழியை எடுத்துச் சொன்னதும் அபூதாவூத், திர்மிதி நூல்களில் உள்ளன. நபியவர்கள் தூங்கும் பூனைக்காகச் சட்டைக் கையை வெட்டினார்கள் என்று ஒரு கதை பலராலும் சொல்லப்படுகிறது. ஆதாரமுள்ள ஹதீஸ் நூல்களில் அது இல்லை. உள்ளவையே நமக்குப் போதும்.

ஐந்தாம் நாள், எங்கள் தெருக்கோடியில் குழித்தறி வைத்திருக்கும் ஒரு பெரியவர் என் கணவரிடம் நூல் வாங்க வந்தார். மாமியின் கைக்கட்டைப் பார்த்துக் காரணம் கேட்டார். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்தே விட்டார்.

"ஏனுங்க பாயம்மா, இது பேயுமில்லீங்க, பிசாசுமில்லீங்க. நூலுக்கு வர்ற கோளாறுதானுங்க பூனைக்கும் வந்திருக்குது. தை மாசி ஆனா பாலியஸ்டர் ஓட்டற பட்டறையில போய்ப் பாருங்க. இழை ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு நிக்கும். தரையில தண்ணி தெளிச்சாத்தான் அடங்கும்."

ஐம்பது ஆண்டுகளாகத் தறிகளுக்கு நடுவே வாழ்ந்தும் எனக்குத் தோன்றாத ஒன்றை, அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார். அன்று மாலையே, பள்ளிப் பாடத்தில் இதனைப் படித்திருந்த பேத்தியை உட்கார வைத்துக்கொண்டு நானும் படித்தறிந்தேன்.

இரண்டு பொருள்கள் உரசும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எலெக்ட்ரான்கள் தாவுகின்றன. உரோமம் அவற்றை எளிதில் இழக்கும் இயல்புடையது. பிளாஸ்டிக்கும் பாலியஸ்டரும் அவற்றைப் பற்றிக்கொள்ளும் இயல்புடையவை. இழந்த உரோமங்கள் யாவும் ஒரே வகை மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று விலக்குகின்றன; அதனால்தான் பூனையின் மேனி சிலிர்த்து நிற்கிறது. இந்த மின்னேற்றம் ஓடிப்போக வழியில்லாமல் தேங்கி நிற்பதால் நிலைமின்சாரம் என்பர். காற்றில் ஈரம் இருந்தால் எல்லாப் பொருளின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று படிந்து, அதன் வழியே மின்னேற்றம் கசிந்து போய்விடும். ஈரப்பதம் நாற்பது விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் கசிய வழியின்றிச் சேர்ந்துகொண்டே போகும். விரல் அருகே வந்ததும் பொறியாகப் பாயும். ஏறத்தாழ 3000 வோல்ட்டைத் தாண்டினால்தான் நம் விரல் அந்தச் சுருக்கை உணரும் என்கிறார்கள். நம் வீட்டு மின்சாரமே 230 வோல்ட்தானே என்று திகைக்க வேண்டாம். இதில் பாயும் மின்னேற்றம் மிகச் சொற்பம். நொடியின் சிறு கூறில் முடிந்துவிடும். ஆளையோ பூனையையோ அது கொல்லாது. ஆனால் பூனையின் மூக்கும் காது மடலும் மிக மெல்லிய தோல் உடையவை. நமக்கு எறும்புக் கடி போன்றது அதற்குப் பெரிய அடியாகத் தோன்றும். அடித்தது யார் என்று அதற்குத் தெரிந்ததெல்லாம் மாமியின் கைதான்.

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. அம்பர் எனும் மரப்பிசின் கல்லை உரசினால் வைக்கோல் துரும்பை இழுக்கும் என்பதைக் கிரேக்கர்கள் வெகுகாலம் முன்பே கண்டிருந்தனர். அவர்கள் மொழியில் அதன் பெயர் எலெக்ட்ரான். ஆங்கிலத்தில் மின்சாரத்தைக் குறிக்கும் சொல் அதிலிருந்தே பிறந்தது. பாரசீகர்கள் அதே கல்லைக் காஹ்ருபா, அதாவது வைக்கோல் திருடி என்று அழைத்தனர். அரபு நாட்டில் உழைக்கும் நம் பிள்ளைகள் மின்சாரக் கட்டணத்தைக் குறிக்க நாள்தோறும் சொல்லும் 'கஹ்ரபா' என்ற சொல் அதுவேதான். ரியாத்தில் பனிக்காலத்தில் கார்க் கதவைத் தொட்டாலே சுருக்கென்று அடிக்கிறது என்று என் மகன் தொலைபேசியில் சொன்னபோது, வைக்கோல் திருடியின் வேலை என்று நான் சொல்லிச் சிரித்தேன்.

இன்னொருவர் வீட்டிலும் இதே கதை நடந்திருக்கிறது. மின்சார உலகின் மேதை நிக்கோலா டெஸ்லா, 1856-ல் இன்றைய குரோஷியாவில் உள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர். முதுமையில், 1939-ல், ஒரு சிறுமிக்கு எழுதிய கடிதத்தில் தம் குழந்தைப் பருவத்துப் பூனையைப் பற்றிச் சொல்கிறார். குளிர்ந்து வறண்ட ஒரு மாலையில் அதன் முதுகைத் தடவியபோது ஒளி பரவிப் பொறிகள் பறந்தனவாம். தந்தை, மின்னலில் காண்பதும் இதுவே என்று விளக்கினார். தாயோ, பூனையோடு விளையாடுவதை நிறுத்து, தீப்பிடித்துவிடப் போகிறது என்று அஞ்சினார். எங்கள் தெருப் பெண்களைப் பழித்துப் பயனில்லை என்று அதைப் படித்தபோது தோன்றிற்று. ஆனால் அந்த வீட்டில் பூனையை ஊரை விட்டு விரட்டவில்லை. அந்தக் குழந்தை, மின்சாரம் என்பது என்ன என்று வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

இனி, நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதலில் போர்வை போயிற்று. அந்த இடத்தில் பவானி ஜமக்காளம் ஒன்றை மடித்துப் போட்டோம். பருத்தி ஈரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் தூரிகையையும் எடுத்து வைத்துவிட்டு, அகலப் பல் உள்ள மரச்சீப்பு ஒன்று வாங்கினோம். முழுவதும் எவர்சில்வரால் ஆன சீப்பும் நல்லதே. கைப்பிடியும் உலோகமாக இருந்தால் மின்னேற்றம் நம் கை வழியே இறங்கிவிடும். பிடி மட்டும் பிளாஸ்டிக் என்றால் பயன் குறைவு.

நேரத்தையும் மாற்றினோம். இதுதான் பெரிய மாற்றம் என்பேன். பகலெல்லாம் வறண்ட காற்று உலவிய அறையில் இரவில் வாருவதை விட்டு, சுபுஹு தொழுகைக்குப் பின் வாரச் சொன்னோம். நாளின் இருபத்து நான்கு மணி நேரத்தில் காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பது விடியலை ஒட்டியே. குழித்தறிக்காரர் சொன்னபடி, வாருவதற்குச் சற்று முன் அறைத் தரையில் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். வயதானவர் நடக்கும் வழியில் மட்டும் ஈரம் நிற்காதபடி பார்த்துக்கொள்வேன். சன்னலில் நனைத்துப் பிழிந்த ஒரு துண்டு தொங்கும். பெரிய பருத்தி நெசவுக்கூடங்களில் பாவு நூல் அறாமல் இருக்க ஈரப்பதத்தை 75 விழுக்காட்டுக்கு மேல் வைத்திருப்பது வழக்கம். மண்ணைத் தோண்டிக் குழித்தறி போட்ட முன்னோர், தரையின் ஈரம் நூலுக்கு ஏறட்டும் என்றும் எண்ணியே செய்தார்கள். நமக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். பாதி ஈரம் இருந்தாலே பூனை அடங்கிவிடும்.

பூனையைத் தொடுவதற்கு முன் மாமி வெறுங்காலைத் தரையில் ஊன்றி, பக்கத்துச் சன்னலின் இரும்புக் கம்பியை ஒருமுறை தொட்டுக்கொள்வார். தம் உடம்பில் சேர்ந்துள்ளது அதில் இறங்கிவிடும். கம்பியில் வண்ணம் பூசாத இடமாக ஒன்றைச் சுரண்டி வைத்திருக்கிறோம். பிறகு ஈரத் துண்டில் உள்ளங்கையைத் துடைத்து, அந்த ஈரக் கையால் தலையிலிருந்து வால் வரை இரண்டு மூன்று முறை நீவுவார். பூனை நனையக் கூடாது. பனி பட்டது போல் இருந்தால் போதும். நீரைத் தெளிப்பானால் அதன் மேல் பீய்ச்சினால் மிரண்டு ஓடும். சீப்பின் மேல் பீய்ச்சித் துடைத்துக்கொள்ளுங்கள். உரோமம் விழுந்த திசையில், மெதுவாக, சிறு சிறு இழுப்பாக வார வேண்டும். விரைந்து உரசினால் மின்னேற்றம் மிகும். சிடுக்கு இருந்தால் சீப்பைப் போட்டு இழுக்காமல் விரலால் பிரித்துவிடுவது நல்லது. ஐந்து நிமிடம் போதும். அது எழுந்து போனால் போகட்டும்.

சில பெண்கள் எண்ணெய் தடவினால் அடங்குமே என்று கேட்டார்கள். நம் கூந்தலுக்கு அது சரி. பூனை தன் மேனியில் உள்ளதையெல்லாம் நக்கி விழுங்கிவிடும் பிராணி. தேங்காய் எண்ணெய் தூசியைப் பிடிக்கும், வயிற்றையும் கெடுக்கும். நீலகிரித் தைலம், கற்பூரம், தேயிலைமரத் தைலம் ஆகியவை அதற்கு நஞ்சு, அத்தரும் வேண்டாம். வெளிநாட்டில் துணி உலர்த்தும் எந்திரத்தில் போடும் மணத்தாளால் பூனையைத் துடைக்கலாம் என்று யாரேனும் சொன்னால் கேளாதீர்கள். அதில் உள்ள இரசாயனமும் அதன் வாய்க்குள்தான் போகும். அடிக்கடி குளிப்பாட்டுவதும் கூடாது. தோலின் இயற்கை எண்ணெய் போய், உரோமம் மேலும் வறண்டுவிடும்.

இத்தனையும் செய்தும், பஞ்சு உடனே வந்துவிடவில்லை. பூனையை நம்பவைப்பது எளிதன்று. முதல் வாரம் மாமி சீப்பை மறைத்துவிட்டு, ஜமக்காளத்தில் வறுத்த நெத்திலித் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எட்டி நின்று தின்றுவிட்டு ஓடியது. அவர் ஈரக் கையை நீட்டியபடியே ஓதிக்கொண்டிருப்பார். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, சுபுஹுக்குப் பின் நான் அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது, யாஸீன் சூராவின் நடுவே அவர் குரல் ஒருமுறை தடுமாறி நின்று, பிறகு தொடர்ந்தது. எட்டிப் பார்த்தேன். அது தலையை அவர் உள்ளங்கையில் முட்டிக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். பால் பொங்கி வழிந்திருந்தது.

பொறியைப் பார்த்துப் பயந்த பேத்தியைத்தான் இப்போது அடக்க முடியவில்லை. அன்று விலக்கிய பிளாஸ்டிக் தூரிகையை எடுத்து, தன் தலைமுடியை வாரி, காகிதத் துணுக்குகளை இழுத்துக் காட்டிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வித்தை செய்கிறாள். ஜின் என்று சொன்னவரின் பேரனும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறான்.

புலிப்படம் போட்ட போர்வை பரணில் கிடக்கிறது. மகன் ஆசையோடு கொண்டுவந்ததைத் தூக்கி எறியவும் மனமில்லை. ஏற்காட்டில் என் நாத்தனார் வீட்டில் குளிர் அதிகம். அடுத்த முறை வரும்போது கொடுத்தனுப்பலாம் என்றிருக்கிறேன். அவர்கள் பூனை வளர்ப்பதில்லை.